மாமாவுக்குச் சுகமானது குளிசையாலா, மாரி முடிந்ததாலா?

எங்கள் பக்கத்தில் அறுபது தாண்டிய ஆம்பிளைகள் சுகரைப் பற்றிப் பேசுவார்கள், பிரஷரைப் பற்றிப் பேசுவார்கள், எந்த டொக்டர் கைராசிக்காரர் என்று பஸ்ஸுக்குள்ளேயே வாதாடுவார்கள். சலம் போவதில் இருக்கிற கஷ்டத்தை மட்டும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். இரவில் நாலு தடவை எழும்புவது, போய் நின்றும் வராமல் காத்து நிற்பது, வந்தாலும் விட்டு விட்டு வருவது, கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியைவிட முதலில் கழிவறை எந்தப் பக்கம் என்று தேடுவது, எல்லாவற்றையும் வயசு போனால் அப்படித்தான் என்று மூடி வைத்துவிடுவார்கள். அப்புறம் ஒருநாள் யாராவது காதோடு காதாக ஒரு குளிசையின் பெயரைச் சொல்வார்கள். களுவாஞ்சிகுடியில் ஒருவருக்கு ஒரே மாசத்தில் சுகமாகிவிட்டதாம், அக்கரைப்பற்றில் இன்னொருவருக்கு ஒப்பரேசனே தேவைப்படவில்லையாம்.

அவர்களுக்குச் சுகமானது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது அந்தக் குளிசையால்தான் என்று எப்படித் தெரியும்? மருத்துவ ஆய்வு, மருந்துச் சோதனை என்று சொல்கிறார்களே, அவ்வளவு பேரைச் சேர்த்து, அவ்வளவு காசைச் செலவழித்து, வருசக்கணக்காக அவர்கள் தேடுவது இந்த ஒரு கேள்விக்குத்தான் விடை. புரொஸ்டேட், சலப்பை வருத்தங்களை வைத்து இதை விளங்கப்படுத்துவது சுலபம், ஏனென்றால் இந்த வருத்தங்களைப் போல ஆளை ஏமாற்றுகிறவை வேறு அதிகம் இல்லை.

முதலில் உடம்பில் நடப்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். புரொஸ்டேட் ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. சலப்பைக்குக் கீழே, சலம் வெளியே வருகிற குழாயைச் சுற்றி இருக்கிறது. இளம் வயதில் சுமார் 20 கிராம். வயது போகப்போக அது மெல்லப் பெருக்கும். இறந்தவர்களின் உடல்களைப் பரிசோதித்துப் பார்த்ததில், ஐம்பதுகளில் இருந்த ஆண்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேரிலும், எண்பதுகளில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோரிலும் இந்தப் பெருக்கம் காணப்பட்டது. இது புற்றுநோய் இல்லை. புற்றுநோயாக மாறுகிற முதல் படியும் இல்லை. இதைத் தெரியாமல் பயந்து பயந்தே கிளினிக்குக்குப் போகாமல் இருக்கிறவர்கள் நிறையப்பேர்.

பெருத்த சுரப்பி குழாயை நெரிக்கிறது. அது ஒரு காரணம். சுரப்பிக்குள்ளும் சலப்பையின் கழுத்திலும் இருக்கிற மெல்லிய தசைகள் இறுகிப்போய் நிற்பது இன்னொரு காரணம். சலப்பையே பொறுமை இழந்து, கொஞ்சம் நிரம்பியவுடன் அவசரப்படுத்துவது மூன்றாவது. ஒரே ஆளுக்கு மூன்றும் கலந்தே இருக்கலாம். அதனால்தான் ஸ்கேனில் பெரிய புரொஸ்டேட் உள்ளவர் நிம்மதியாக நித்திரை கொள்கிறார், சின்னதாக உள்ளவர் இரவு முழுக்க நடக்கிறார். ஸ்கேன் ரிப்போட்டில் இருக்கிற அளவை மட்டும் பார்த்து ஆளின் கஷ்டத்தைச் சொல்ல முடியாது.

அப்படியென்றால் கஷ்டத்தை எப்படி அளப்பது? உலகம் முழுக்க ஆய்வுகளில் பாவிக்கிற ஒரு கேள்விப் படிவம் இருக்கிறது. ஏழு கேள்வி. போன பிறகும் மிச்சம் இருக்கிற மாதிரி இருக்கிறதா, இரண்டு மணித்தியாலத்துக்குள் திரும்பப் போக வேண்டி வருகிறதா, விட்டு விட்டு வருகிறதா, அடக்க முடியாமல் அவசரமாக வருகிறதா, வேகம் குறைவா, முக்க வேண்டி இருக்கிறதா, இரவில் எத்தனை தரம் எழும்புகிறீர்கள். எல்லாமே கடந்த ஒரு மாதத்தைப் பற்றியது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை புள்ளி, மொத்தம் 35. 7 வரை இலேசு, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 இலிருந்து கடுமை. இவை தவிர எட்டாவதாக ஒரு கேள்வி தனியே இருக்கும். இப்போது இருக்கிற நிலைமையோடேயே மிச்ச வாழ்க்கை முழுக்க இருக்கவேண்டி வந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? என்னைக் கேட்டால் அந்தப் படிவத்திலேயே பெறுமதியான கேள்வி அதுதான்.

கல்லாற்றில் இருக்கிற என் மாமாவோடு அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு இருந்தபோதுதான் ஒரு விசயம் நன்றாக விளங்கியது. இரவு எத்தனை தரம் என்ற கேள்விக்கு வந்ததும் பேனையை வைத்துவிட்டு, "மருமகன், வட்டைக்குக் காவலுக்குப் போற நாளையும் சேர்க்கிறதா, விடுறதா?" என்று கேட்டார். மண்டூர்ப் பக்கம் வயல். யானை வரும் என்று விடிய விடிய முழித்திருக்கிற ஆள் எழும்பித்தானே இருப்பார், அதில் எத்தனை தரம் சலத்துக்காக எழும்பினார் என்று எப்படிச் சொல்வது? காவல் உள்ள மாதம் படிவத்தை நிரப்பினால் ஒரு புள்ளி வரும், அறுவடை முடிந்து வீட்டில் படுக்கிற மாதம் நிரப்பினால் வேறு புள்ளி வரும். இடையில் அவர் எந்த மருந்தும் எடுத்திருக்கவே வேண்டாம்.

எங்கள் ஊர்களில் இதைப் போல இன்னும் பல உண்டு. மார்கழியில் மழையும் குளிருமாக இருக்கும்போது வியர்வை குறைவு, குடிக்கிறதெல்லாம் சலமாகத்தான் போகவேண்டும், குளிரிலே சலப்பைக்கு அவசரமும் கூடும். அதே ஆள் வைகாசி, ஆனியில் கச்சான் காற்றும் வெயிலுமாகக் காய்கிற நேரம் பகலெல்லாம் வியர்த்துக் கொட்டுவார், இரவில் எழும்புவது குறையும். காத்தான்குடியிலோ சாய்ந்தமருதிலோ நோன்பு பிடிக்கிறவர்கள் பகலில் தண்ணீர் குடிக்காமல் நோன்பு திறந்த பிறகு குடிப்பதை எல்லாம் குடிப்பதால், அந்த மாதத்து இரவுகள் வேறு மாதிரி. இப்போது யோசித்துப் பாருங்கள், ஒருவர் மார்கழியில் கஷ்டம் தாங்காமல் குளிசை தொடங்கி, வைகாசியில் திரும்பிப் பார்த்து, நாலு தரம் எழும்பினேன், இப்போது இரண்டு தரம்தான் என்று சந்தோசமாகச் சொன்னால், பாராட்டு குளிசைக்கா, வெயிலுக்கா?

இதைவிட நுணுக்கமான ஒன்றும் உண்டு. இந்த வருத்தம் ஏறி இறங்கி வருவது. ஆட்கள் டொக்டரிடம் போவது எப்போது? ஆகக் கஷ்டமான நாட்களில்தான். உச்சத்தில் இருக்கிற ஒன்று பெரும்பாலும் அடுத்துக் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், சும்மா விட்டாலும் இறங்கும். அந்த இறங்குகிற நேரத்தில் கையில் என்ன குளிசை இருந்ததோ, பெயர் அதற்குப் போய்விடும். அத்தோடு, நம்மை ஒருவர் கவனித்துக் கேட்கிறார், மருந்து தருகிறார் என்ற நிம்மதியே சலப்பையின் அவசரத்தைக் கொஞ்சம் குறைக்கக்கூடியது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆள் உண்மையாகவே முன்னைவிட நன்றாக இருக்கிறார், காரணம் மட்டும் தெரியாது.

இதற்கு வழி கண்டுபிடிக்கப்பட்டது வயலில்தான். புது உரம் ஒன்று நல்லதா என்று பார்க்க, வாய்க்கால் தலைப்பில் இருக்கிற வயலுக்குப் புது உரமும் கடைசி வயலுக்குப் பழைய உரமும் போட்டால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. தலைப்பு வயலுக்குத் தண்ணீர் முந்தி வந்தது, விளைச்சல் அதனால் கூடியிருக்கலாம் என்று எந்த வட்டவிதானையும் சொல்லிவிடுவார். நிலத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, எந்தத் துண்டுக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தால், தண்ணீர், மண், நிழல் எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் ஏறக்குறையச் சமமாகப் பங்குபட்டுவிடும். இங்கிலாந்தில் ரொதாம்ஸ்டெட் என்ற விவசாய ஆய்வு நிலையத்தில் வேலை செய்த ரொனால்ட் பிஷர் 1920களில் இந்த முறைக்கு ஒழுங்கான கணக்கு எழுதினார். 1948 இல் காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி பற்றிய பிரித்தானிய ஆய்வு வந்தபோது, குலுக்கல் மனிதர்களின் மருந்துக்கும் வந்து சேர்ந்தது.

புரொஸ்டேட் குளிசையையும் அப்படித்தான் சோதிக்கிறார்கள். ஒரே மாதிரிக் கஷ்டம் உள்ள சில நூறு பேர். குலுக்கலில் பாதிப்பேருக்கு மருந்து, மற்றப் பாதிக்கு மருந்தே இல்லாத வெற்றுக் குளிசை. பார்வைக்கு இரண்டும் ஒன்று. எது யாருக்கு என்று விழுங்குகிறவருக்கும் தெரியாது, புள்ளியை எழுதுகிற டொக்டருக்கும் தெரியாது. மாரியும் கச்சானும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றாகத்தான் வரும், காவல் இரவுகளும் நோன்பும் இரண்டு பக்கத்திலும் இருக்கும், நம்பிக்கையால் வருகிற சுகமும் இரண்டு பக்கமும் வரும். கடைசியில் இரண்டு பக்கத்துக்கும் ஏதாவது வித்தியாசம் இருந்தால் அதுதான் மருந்தின் வேலை. தலைச்சுற்று என்று இடையில் குளிசையை விட்டவர்களையும் கணக்கில் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் குளிசை உடம்புக்கு ஒத்துக்கொண்டவர்கள் மட்டும் மிஞ்சி, மருந்து இருப்பதைவிட அழகாகத் தெரியும்.

ஒரு உண்மையான ஆய்வைப் பார்ப்போம். 1996 இல் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகளில் செய்தது வெளிவந்தது. 1229 ஆண்கள், ஒரு வருசம், நாலு குழு. ஒரு குழுவுக்குத் தெராசோசின். இது இறுகிய தசையைத் தளர்த்துகிற வகை, இப்போது நம் ஆட்களின் மருந்துப் பையில் அதிகம் இருக்கிற தம்சுலோசின் அதே குடும்பம். இரண்டாவது குழுவுக்குப் பினாஸ்டெரைட், சுரப்பியையே சுருங்க வைக்கிற வகை. மூன்றாவதுக்கு இரண்டும். நாலாவதுக்கு வெற்றுக் குளிசை. வருச முடிவில் தெராசோசின் குழுவின் புள்ளி சராசரியாக 6.1 குறைந்தது. இரண்டும் எடுத்தவர்களுக்கு 6.2. பினாஸ்டெரைட் மட்டும் எடுத்தவர்களுக்கு 3.2. வெற்றுக் குளிசைக்காரர்களுக்கும் 2.6 குறைந்தது!

அந்த 2.6 ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏறக்குறைய 3 புள்ளி குறைந்தால்தான் ஆளுக்கே ஏதோ சுகம் என்று தெரிய ஆரம்பிக்கும் என்று இந்தப் படிவத்தை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். அப்படியென்றால் ஒரு மருந்தும் இல்லாமலே அந்தக் கூட்டம் சராசரியாக அந்த எல்லைக்குக் கிட்ட வந்துவிட்டது. வெற்றுக் குளிசைக் குழு இல்லாமல் பினாஸ்டெரைட்டை மட்டும் கொடுத்துப் பார்த்திருந்தால், 3.2 குறைந்தது, நல்ல மருந்து என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். பக்கத்தில் 2.6 இருந்தபடியால்தான் அந்த ஒரு வருசத்தில் அது பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்று தெரிந்தது.

அப்போ பினாஸ்டெரைட் வீணா? இல்லை. இந்த மருந்து வந்த கதையே சுவையானது. டொமினிக்கன் குடியரசில் ஒரு கிராமத்தில், பிறக்கும்போது பெண் பிள்ளை என்று வளர்க்கப்பட்டு, பருவ வயதில் ஆணின் உடலமைப்பு வெளிப்பட்ட பிள்ளைகள் பலர் இருந்தார்கள். ஜூலியான் இம்பெராட்டோ மெக்கின்லி என்ற டொக்டரும் கூட இருந்தவர்களும் ஆராய்ந்து 1974 இல் காரணத்தை வெளியிட்டார்கள். ஆண் ஹோர்மோனை அதைவிட வலுவான இன்னொரு ஹோர்மோனாக மாற்றுகிற ஒரு நொதியம் அவர்களுக்குப் பிறவியிலேயே குறைவு. அவர்கள் வளர்ந்த பிறகும் புரொஸ்டேட் சின்னதாகவே இருந்தது. அந்த நொதியத்தை மருந்தால் தடுத்தால் பெருத்த சுரப்பி சுருங்குமே என்று யோசித்துச் செய்ததுதான் பினாஸ்டெரைட், 1992 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சுரப்பியை ஏறக்குறையக் கால்வாசி சுருக்கும், ஆனால் மாதக்கணக்கு எடுக்கும். பெருத்த சுரப்பி உள்ளவர்களுக்குத்தான் நன்றாக வேலை செய்யும். படைவீரர் ஆய்வில் இருந்தவர்களின் சுரப்பி சராசரியாக அவ்வளவு பெரிதில்லை, காலமும் ஒரு வருசம்தான்.

1998 இல் இன்னொரு ஆய்வு வந்தது. இந்த முறை பெருத்த சுரப்பி உள்ள 3040 பேர், நாலு வருசம். வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 100 க்கு 7 பேருக்கு ஒரு கட்டத்தில் சலம் அடியோடு அடைத்தது, பினாஸ்டெரைட் எடுத்தவர்களில் 3 பேருக்கு. ஒப்பரேசன் தேவைப்பட்டவர்கள் வெற்றுக் குளிசைப் பக்கம் 100 க்கு 10 பேர், பினாஸ்டெரைட் பக்கம் 5 பேர். ஆக அதே மருந்து, கேள்வியை மாற்றிக் கேட்டதும் வேறு விடை. ஒரு ஆய்வு ஒன்றைச் சொல்கிறது, அடுத்தது மாற்றிச் சொல்கிறது, இவர்களுக்கே ஒன்றும் தெரியாது என்று சலித்துக்கொள்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். உண்மையில் அவை முரண்படவில்லை. யாருக்குக் கொடுத்தார்கள், எவ்வளவு காலம், எதை அளந்தார்கள் என்ற மூன்றும் மாறியிருக்கின்றன. 2003 இல் 3047 பேரைச் சராசரியாக நாலரை வருசம் பின்தொடர்ந்த ஆய்வில், இரண்டு வகை மருந்தையும் சேர்த்து எடுத்தவர்களுக்குத்தான் வருத்தம் முற்றுவது ஆகக் குறைவாக இருந்தது. டொக்டர் சிலருக்கு ஒரு குளிசையும் சிலருக்கு இரண்டும் எழுதுவது இதனால்தான்.

நூற்றுவீதம் பற்றியும் சொல்ல வேண்டும், இதில்தான் விளம்பரங்கள் விளையாடுகின்றன. மேலே சொன்ன 7 க்கு 3 என்பதை, அடைப்பு வருகிற ஆபத்தை 57 வீதம் குறைத்தது என்றும் எழுதலாம். இரண்டும் சரி. ஆனால் 57 வீதம் என்று வாசிக்கிறவர், நூறு பேரில் ஐம்பத்தேழு பேர் தப்பினார்கள் என்று நினைப்பார். உண்மையில் நாலு வருசம் மருந்து எடுத்த நூறு பேரில் நாலு பேர் மருந்தால் தப்பினார்கள், தொண்ணூற்று மூன்று பேருக்கு மருந்து எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அடைத்திருக்காது, மூன்று பேருக்கு மருந்து எடுத்தும் அடைத்தது. நாலு பேர் என்பது சின்ன விசயமில்லை, இரவில் துடித்துக்கொண்டு வாகனம் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடி ரியூப் போட்டவரைக் கேட்டால் சொல்லுவார். ஆனாலும் எடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கப் போகிறவருக்கு நூறு பேரில் எத்தனை பேர் என்ற கணக்கைத்தான் சொல்ல வேண்டும்.

இயற்கை மருந்து என்று டப்பாவில் வருகிறவற்றுக்கும் இதே முறைதான். சோ பால்மெட்டோ என்ற ஒரு பனை இனத்தின் பழச்சாறு மேல்நாடுகளில் புரொஸ்டேட்டுக்கு மிகப் பிரபலம், இணையத்திலும் விற்கிறார்கள். 2006 இல் 225 பேரிடம் ஒரு வருசம் சோதித்தார்கள், வெற்றுக் குளிசையோடு எந்த வித்தியாசமும் இல்லை. அளவு போதவில்லை என்று சொன்னார்கள். சரி, அதையும் பார்ப்போம் என்று 369 பேரிடம் வழமையான அளவின் மூன்று மடங்கு வரை கூட்டிக் கொடுத்து 2011 இல் முடிவை வெளியிட்டார்கள், அப்போதும் வித்தியாசம் இல்லை. நம் பக்கத்தில் நெருஞ்சில் அவித்துக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் குறைத்துச் சொல்ல இதைச் சொல்லவில்லை. எந்த மருந்தென்றாலும், அது பாட்டியின் மருந்தோ கம்பனியின் மருந்தோ, யாரோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள் என்று ஒரே அளவுகோலால் கேட்க வேண்டும் என்பதுதான்.

குளிசைக்குச் சரி, ஒப்பரேசனுக்கு வெற்று ஒப்பரேசன் எப்படிச் செய்வது? அதையும் செய்திருக்கிறார்கள். பெருத்த புரொஸ்டேட்டைச் சின்னக் கொளுக்கிகளால் இரு பக்கமும் இழுத்துக் கட்டி வழியைத் திறக்கிற யூரோலிப்ட் என்ற முறையை 206 பேரிடம் சோதித்தபோது, ஒரு பகுதியினருக்குக் குழாய்க் கமராவை உள்ளே விட்டுப் பார்த்து, கருவியின் சத்தத்தையும் கேட்க வைத்து, கொளுக்கி மட்டும் போடாமல் விட்டார்கள். அவர்கள் சம்மதித்துத்தான் சேர்ந்திருந்தார்கள். மூன்று மாதத்தில் கொளுக்கி போட்டவர்களுக்கு 11.1 புள்ளி குறைந்தது. போடாதவர்களுக்கு 5.9! ஒன்றுமே செய்யாமல் கிட்டத்தட்ட ஆறு புள்ளி. முதல் நாளே சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். இரண்டுக்கும் இடையில் உள்ள ஐந்து சொச்சம்தான் கொளுக்கியின் உழைப்பு, அதுவும் நல்ல பலன்தான்.

இவ்வளவு நேரமும் ஆம்பிளைகளைப் பற்றியே பேசிவிட்டேன். சலப்பை எல்லோருக்கும் இருக்கிறது. அடக்க முடியாமல் அவசரமாக வந்து, கழிவறைக்குப் போகுமுன் உடுப்பு நனைந்துவிடுகிற கஷ்டத்தோடு எத்தனை அம்மாமார், கோயிலுக்கும் போகாமல் தூர இடத்துக்கும் போகாமல் வீட்டுக்குள் முடங்கிவிடுகிறார்கள். அவர்கள் யாரிடமும் சொல்வதே இல்லை, ஆண் டொக்டர் என்றால் கேட்கவே வேண்டாம். அவர்களுக்காக 1998 இல் வந்த ஒரு ஆய்வை நான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருப்பேன். 55 வயதைத் தாண்டிய 197 பெண்கள், மூன்று குழு. ஒன்றுக்கு ஒக்சிபியூட்டினின் என்ற மருந்து. ஒன்றுக்கு வெற்றுக் குளிசை. மூன்றாவதுக்கு மருந்தில்லை, பயிற்சி மட்டும். கீழ் இடுப்புத் தசையை எப்படி இறுக்குவது என்று சரியாகக் கண்டுபிடித்துப் பழகுவது, அவசரம் வந்தவுடன் கழிவறைக்கு ஓடாமல் நின்ற இடத்தில் நின்று அந்தத் தசையைச் சில தரம் இறுக்கி, அவசரம் அடங்கிய பிறகு மெல்ல நடந்து போவது. எட்டுக் கிழமையில் நனைகிற தடவைகள் வெற்றுக் குளிசைக்கு 39 வீதமும், மருந்துக்கு 69 வீதமும், பயிற்சிக்கு 81 வீதமும் குறைந்தன. பயிற்சி மருந்தை முந்திவிட்டது. காசில்லை, வாய் காயாது, மலச்சிக்கல் வராது. சொல்லிக்கொடுக்க ஒரு பொறுமையான நேர்ஸ் வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வகைக் கஷ்டம் ஆணுக்கென்றாலும் பெண்ணுக்கென்றாலும் கிளினிக்கில் ஒரு கொப்பியில் எழுதிவரச் சொல்வார்கள். எத்தனை மணிக்கு என்ன குடித்தது, எத்தனை மணிக்கு எவ்வளவு போனது. அளவுக் கோடு உள்ள ஒரு பிளாஸ்டிக் யக்கைக் கழிவறையில் வைத்துவிட்டு மூன்று நாள் எழுதினால் போதும். பலருக்கு அந்தக் கொப்பியே பாதி விடையைச் சொல்லிவிடும். இரவு ஒன்பது மணிக்கு இரண்டு கோப்பை பிளேன்ரீ குடிக்கிற விசயம் எழுதும்போதுதான் கண்ணில் படும். இரவில் போகிற அளவே மிகக் கூட என்றால் பிரச்சினை புரொஸ்டேட்டில் இல்லாமல் சுகரிலோ, இதயத்திலோ, கால் வீக்கத்திலோ இருக்கலாம். அப்படியானவருக்குப் புரொஸ்டேட் குளிசை எத்தனை கொடுத்தும் பலன் வராது.

சலப்பைப் புற்றுநோயில் ஒரு ஆச்சரியமான மருந்து உண்டு. குழந்தை பிறந்தவுடன் கையில் போட்டுத் தழும்பு விழுகிறதே, பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி, அதில் இருக்கிற அதே வலுவிழந்த கிருமியைச் சலப்பைக்குள் விடுவார்கள். 1976 இல் கனடாவில் அல்வாரோ மொராலஸும் கூட்டாளிகளும் ஒன்பது நோயாளர்களிடம் செய்து பார்த்ததை எழுதினார்கள். ஒன்பது பேர் என்பது ஒரு துப்பு மட்டும். அதற்குப் பிறகு குலுக்கல் முறையில் ஆய்வுகள் நடந்து, மேலோட்டமான சலப்பைப் புற்றுநோய் திரும்பி வருவதைக் குறைக்கிறது என்று உறுதியானது. இன்றும் அதுதான் முக்கிய சிகிச்சைகளில் ஒன்று. நோ இல்லாமல் சலத்தில் இரத்தம் போனால், ஒரே தடவை போய் நின்றுவிட்டாலும், விட்டுவிடாமல் காட்ட வேண்டும். சிகரட், பீடி பிடிக்கிறவர்கள் இன்னும் கட்டாயம், ஏனென்றால் சலப்பைப் புற்றுநோய்க்கு ஆகப் பெரிய காரணம் புகைதான்.

இன்னும் இரண்டு விசயம், இரண்டும் உடனே பயன்படும். தம்சுலோசின் எடுக்கிறவர்கள் கண்ணில் வெள்ளை எடுக்கப் போனால், குளிசை எடுப்பதை, முன்பு எடுத்து விட்டிருந்தாலும்கூட, கண் டொக்டரிடம் முந்தியே சொல்லுங்கள். ஒப்பரேசன் நேரம் கண்மணி தளர்ந்து ஒத்துழைக்காது என்று 2005 இல்தான் எழுதப்பட்டது, மருந்து சந்தைக்கு வந்து எத்தனையோ வருசத்துக்குப் பிறகு. ஆய்வு முடிந்து மருந்து வெளிவந்த பிறகும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்கு அது நல்ல சாட்சி. மற்றது, தடிமன் காய்ச்சலுக்கு பாமசியில் கேட்டு வாங்குகிற சில குளிசைகள் சலத்தை அடியோடு அடைத்துவிடும். புரொஸ்டேட் கஷ்டம் இருக்கிறது என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். அப்படி அடைத்துப் பல மணித்தியாலமாகப் போகாமல் அடிவயிறு வீங்கி நொந்தால் விடியட்டும் என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கடைசியாக ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். நான் மேலே எண்ணிச் சொன்ன ஆய்வுகள் எல்லாமே அநேகமாக அமெரிக்காவில், அங்குள்ள ஆட்களிடம் நடந்தவை. வெயிலில் வயல் வேலை செய்கிறவர், தோணியில் இரவெல்லாம் வலை போடுகிறவர், சுகர் முற்றி நரம்பு பழுதான நிலையில் கிளினிக்குக்கு வருகிறவர், இவர்களெல்லாம் அந்த எண்களுக்குள் இல்லை. மருந்து உடம்பில் வேலை செய்கிற விதம் மாறாது என்றாலும், எவ்வளவு பலன், எவ்வளவு தலைச்சுற்று என்பது இங்கே பார்த்தால்தான் தெரியும். அதனால் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அம்பாறையிலோ எப்போதாவது ஒரு ஆய்வில் சேர விருப்பமா என்று உங்களையோ உங்கள் அப்பாவையோ கேட்டால், எலியாகப் பிடிக்கிறார்கள் என்று எழும்பி வந்துவிடாதீர்கள். உடனே தலையாட்டவும் வேண்டாம். ஒழுக்கவியல் குழு அனுமதித்ததா, இலங்கை மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்திருக்கிறதா என்று கேளுங்கள். அந்தப் பதிவேடு 2006 இலிருந்து இருக்கிறது, எதை அளக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே அதில் எழுதி வைத்தால், பிறகு பிடித்த முடிவை மட்டும் பொறுக்கிக் காட்டுவது கஷ்டம். வெற்றுக் குளிசை கிடைத்தால் எனக்கு என்ன ஆகும், வருத்தம் கூடினால் யாரைக் கூப்பிடுவது, இடையில் விலகினால் வழமையான கிளினிக் வைத்தியத்தில் ஏதும் குறை வருமா என்று கேளுங்கள். வரக்கூடாது. விலகுவதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. கையெழுத்து வைக்க முன் அந்தப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மகளிடமோ மகனிடமோ கொடுத்து வாசித்து விளங்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லுங்கள், அதற்கு அவகாசம் தர வேண்டியது அவர்கள் கடமை.